வாசல் படியில் பேவர் பிளாக்: இடுக்கில் எதைப் போடுவது?

தரையில் பேவர் பிளாக் போட்டால் இடுக்கில் மணலைக் கொட்டித் துடைப்பத்தால் கூட்டிவிட்டால் வேலை முடிந்தது. படியில் அதையே செய்தால் ஒரு ஐப்பசி மழை தாங்காது. மணல் போகும், கல் ஆடும், அதிலும் முதலில் ஆடுவது முன் விளிம்புக் கல்தான், எல்லோரும் முழுப் பாரத்தையும் வைத்து ஏறுவது அதன் மேல்தானே. சென்னையில் சாலை போடும்போதெல்லாம் அதன் மட்டம் ஏறிக்கொண்டே போகிறது, 2015 வெள்ளத்துக்குப் பிறகு புதிதாகக் கட்டுகிறவர்கள் அடித்தளத்தையே தூக்கிக் கட்டுகிறார்கள், ஆக வாசலில் நாலைந்து படி என்பது சாதாரணமாகிவிட்டது. கார் நிறுத்தும் இடத்துக்கு வாங்கியதில் மீந்த கல்லை அந்தப் படிகளில் பதித்துவிடுவதும் சாதாரணம். கல் சரிதான். இடுக்கில் என்ன போடுவது என்ற கேள்வி வரும்போதுதான் கடைக்காரர் ஒன்று சொல்வார், மேஸ்திரி ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டு அங்கிள் யூடியூபில் பார்த்த மூன்றாவது ஒன்றைச் சொல்வார்.

எந்தப் பாக்கெட் நல்லது என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது, கல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது. இதற்குப் பதில் தெரிந்தால் முக்கால்வாசி முடிவு தானாக வந்துவிடும்.

ஏன் என்று கொஞ்சம் சொல்கிறேன். சமதரையில் பேவர் பிளாக் நிற்பது ஒட்டுவதால் அல்ல, இறுக்கத்தால். நான்கு பக்கமும் கரைக்கல் கட்டி, அடியில் இரண்டரை மூன்று சென்டிமீட்டர் மணல் பரப்பி, மேலே அதிர்வு மெஷினை ஓட்டும்போது இடுக்கு மணல் நெருங்கிப் பூட்டிக்கொள்கிறது, ஒரு கல்லின் மேல் விழும் பாரம் பக்கத்துக் கற்களுக்கும் போகிறது. படியில் முன்பக்கம் திறந்து கிடக்கிறது. ஓரடி அகலத்தில் அந்த மெஷினை ஓட்டவும் முடியாது. மேல் படியில் விழுந்த தண்ணீர் ஒவ்வொரு படியாக வேகத்தோடு இறங்கி, போகிற போக்கில் மணலை முன்பக்கமாக இழுத்துக்கொண்டு போய்விடும். சென்னைக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள், அதுவும் சில நாட்களில் மொத்தமாகக் கொட்டித் தீர்த்துவிடும். மழையாவது மூன்று மாதம். தினமும் காலையில் வாசல் தெளிப்பது வருடம் முழுக்க நடக்கிறது. போதாக்குறைக்கு அரிசி மாவுக் கோலத்துக்கு வரும் எறும்பு, வந்த இடத்திலேயே குடியிருக்கலாம் என்று இடுக்கைத் தோண்டி மணலைக் குவித்து வைக்கும். கோலத்தை நிறுத்துங்கள் என்று சொல்ல வரவில்லை, அதைத் தாங்குகிற இடுக்கு வேண்டும் என்கிறேன்.

சரி, அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது எப்படி? கொத்துக் கரண்டியின் கைப்பிடியால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பாருங்கள். கெட்டியான சத்தம் வந்தால் கலவையில் உட்கார்ந்திருக்கிறது. பொக்கென்று வந்தால் கலவை விட்டுவிட்டது, அல்லது முதலிலிருந்தே இல்லை. ஓரத்தில் ஒரு கல்லை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிப் பார்த்தால் சந்தேகமே இருக்காது. பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் இருக்கும். செங்கல்லாலோ கான்கிரீட்டாலோ படியை முழுசாகக் கட்டி, மேலே கலவை வைத்துக் கல் பதித்தது ஒன்று. முன் விளிம்புக் கல்லையும் படியின் நிற்கும் முகத்தையும் (முன்னால் செங்குத்தாகத் தெரிகிற பக்கம்) மட்டும் கலவையில் வைத்துவிட்டு, உள்ளே ஜல்லியும் மணலும் நிரப்பி அதன் மேல் கல் அடுக்கியது இன்னொன்று. மொத்தமும் மணலில் உட்கார்ந்திருப்பது மூன்றாவது.

இந்த மூன்றாவது வகை என்றால் இடுக்குப் பொருளைத் தேடி அலையாதீர்கள். எதைப் போட்டாலும் நிற்காது, கழற்றிவிட்டு முன் விளிம்பையாவது கான்கிரீட்டில் கட்டுங்கள்.

மற்ற இரண்டுக்கும் நான் பின்பற்றும் விதி: அடி எவ்வளவு அசைகிறதோ அதற்கு ஏற்ற அளவுக்குத்தான் மேலே கெட்டியாகப் போகலாம். அசையாத கான்கிரீட் மேல் கெட்டியான கிரவுட், அதாவது இடுக்கை அடைக்கிற கலவை, நிற்கும். ஜல்லி மணல் மேல் அதே கிரவுட்டைப் போட்டால், முதல் கோடையிலேயே மயிரிழை விரிசல் விட்டு, அடுத்த மழையில் வில்லை வில்லையாகப் பெயர்ந்து வரும்.

அடுத்து இடுக்கின் அகலம். இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம், காரணம் பேவர் பிளாக்கின் மேல் விளிம்பு சரிவாகச் செதுக்கியதுபோல் இருக்கும். மேலிருந்து பார்த்தால் 10 மில்லிமீட்டர் இடுக்கு மாதிரித் தெரியும், சரிவு முடிகிற இடத்தில் அளந்தால் மூன்றுதான் இருக்கும். அளக்க ஸ்கேல் நுழையாது. ஏடிஎம் கார்டு ஒன்றின் கனம் 0.76 மி.மீ., நாலு பழைய கார்டைச் சேர்த்துப் பிடித்தால் 3 மி.மீ. வந்துவிடும், அதை இடுக்கில் செருகிப் பாருங்கள். பக்கவாட்டில் சின்னப் புடைப்புகள் உள்ள கற்களை ஒட்டி ஒட்டி வைத்திருந்தால் இடுக்கு 2-லிருந்து 4 மி.மீ.க்குள்தான் இருக்கும். மேஸ்திரி கலவையில் பதிக்கும்போது கண் பார்வையில் இடைவெளி விட்டிருந்தால் 6, 8, 10 என்று படிக்குப் படி மாறும். இரண்டுக்கும் ஒரே பொருள் சரிப்படாது. படி இன்னும் கட்டவே இல்லை என்றால் இப்போதே முடிவு செய்துவிடுங்கள்: கான்கிரீட் படியில் 8 மி.மீ. இடைவெளி விட்டுப் பதிக்கச் சொல்லுங்கள். கரண்டி உள்ளே போகிற இடுக்குதான் நிரம்புகிற இடுக்கு.

இப்போது பொருட்களுக்கு வருவோம். மணலில் ஆரம்பிக்கிறேன். வெறும் மணல், மேலே திண்ணை மாதிரி அகலமான தளம் இருந்து அது மணல் படுகையில் உட்கார்ந்திருந்தால் அங்கே மட்டும். 2.36 மி.மீ. சல்லடையில் சலித்த, நன்றாகக் காய்ந்த மணல். எம்-சாண்டில், அதாவது கருங்கல்லை உடைத்துச் செய்த மணலில், தூசி அதிகமுள்ள லோடு வந்தால் அது மழையில் சேறாகி வழிந்துவிடும், கையில் எடுத்துத் தேய்த்தால் உள்ளங்கையில் வெள்ளைப் பவுடர் அப்பிக்கொள்கிறதா என்று பாருங்கள். கடல் மணலைத் தொடவே வேண்டாம். திருவான்மியூர், கொட்டிவாக்கம் பக்கம் வாசலிலேயே கிடக்கிற மணல்தானே என்று அள்ளிப் போடுகிறவர்கள் உண்டு, அதிலுள்ள உப்பு கல்லின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக்கொண்டே இருக்கும்.

சிமெண்டையும் மணலையும் உலர்வாகக் கலந்து கூட்டிவிட்டு மேலே தண்ணீர் தெளிப்பது ஊரில் பலருக்கும் பிடித்த முறை, சீக்கிரம் முடியும், சித்தாள் ஒருவரே செய்துவிடலாம். எனக்குப் பிடிக்காது. தெளிக்கிற தண்ணீர் மேல் ஒரு சென்டிமீட்டரைத்தான் நனைக்கிறது, அடியில் உலர்ந்த பவுடர் அப்படியே கிடக்கிறது, கல்லின் மேலெல்லாம் சாம்பல் நிறத்தில் சிமெண்ட் படலம் படிந்து சிவப்புக் கல்லும் மஞ்சள் கல்லும் ஒரே நிறமாகிவிடும். "சிமெண்ட் பால் ஊத்திடலாம் சார்" என்பது இதன் அண்ணன். வெறும் சிமெண்டைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் மெல்லிய இடுக்குக்குள் இறங்கும் என்பது உண்மைதான், ஆனால் மணலே இல்லாத சிமெண்ட் காயும்போது அதிகமாகச் சுருங்கும், சுருங்கினால் ஓரம் விடும், ஓரம் விட்டால் தண்ணீர் போகும்.

கான்கிரீட் படிக்கு, அதாவது முதல் வகைக்கு, நான் சொல்வது பாலிமர் சேர்த்த சிமெண்ட் கிரவுட், அல்லது மேஸ்திரி கையால் கலந்து கரண்டியால் இடுக்கில் திணிக்கிற பாயிண்டிங் கலவை. இடுக்கு 3 மி.மீ.க்குள் இருந்தால் மணல் இல்லாத மெல்லிய கிரவுட், அதற்கு மேல் 12 மி.மீ. வரைக்கும் மணல் கலந்த கிரவுட், இரண்டும் டைல்ஸ் கடையில் நிறம் பார்த்து வாங்கலாம். ராஃப், லேட்டிக்ரீட் என்று எந்தக் கம்பெனிப் பாக்கெட்டாக இருந்தாலும் பின்பக்கத்தில் இடுக்கு அகலம் எவ்வளவு வரைக்கும், வெளிப்புறத்துக்கு ஆகுமா என்று எழுதியிருப்பார்கள், முன்பக்கப் படத்தை விட்டுவிட்டு அதைப் படியுங்கள். பாயிண்டிங் என்றால் ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு சலித்த பி-சாண்ட் (பூச்சு வேலைக்கான மெல்லிய எம்-சாண்ட்), கலக்குகிற தண்ணீரில் எஸ்பிஆர் லேடெக்ஸ். பால் மாதிரி இருக்கும் இந்தத் திரவம், கலவை கல்லின் பக்கவாட்டில் பிடிக்கவும் விரிசல் குறையவும் உதவும். இதே வெள்ளை நிறத்தில் பிவிஏ பசையும் கடையில் கிடைக்கும், விலை குறைவு, ஆனால் நனைந்தால் இளகும், வெளிப்புறத்துக்கு ஆகாது. டப்பாவில் எஸ்பிஆர் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பாலிமெரிக் சாண்ட் என்று இப்போது ஆன்லைனில் நிறைய வருகிறது. மணலோடு ஒட்டுப்பொருள் கலந்தது, கூட்டி நிரப்பி, நீர் தூவினால் இறுகி, ஆனால் கல்லாகாமல் கொஞ்சம் வளையும் தன்மையோடு நிற்கும். நல்ல பொருள், தப்பான இடத்தில் போடுவதால்தான் கெட்ட பெயர். அதற்கு அடியில் தண்ணீர் வடிய வேண்டும். முழுக் கான்கிரீட் படியின் மேல் போட்டால், உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, அது ஊறி ஊறி இளகிவிடும். இரண்டாவது வகைப் படிக்கு, அதாவது முன் விளிம்பு கலவையிலும் உள்பக்கம் ஜல்லி மணலிலும் இருக்கிற படிக்கு, நடு இடுக்குகளில் போட இதைவிடப் பொருத்தமானது இல்லை. இடுக்கு 3 மி.மீ.க்குக் குறையக் கூடாது, ஆழம் இரண்டரை மூன்று சென்டிமீட்டர் வேண்டும், கல்லும் இடுக்கும் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். தண்ணீர் தூவும்போது கீழ்ப் படியில் ஆரம்பித்து மேலே போங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் வழிகிற தண்ணீர் கீழே இறுகாத மணலைக் கரைத்து இழுத்துவிடும். தூவுவதற்கு முன்னால் கல்லின் மேல் ஒரு துகள் இல்லாமல் கூட்டி ஊதிவிடுங்கள், மீந்தது வெள்ளைப் படலமாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஒரு நாள் முழுக்க மழை கூடாது. ஆகஸ்ட், செப்டம்பரில் சென்னையில் பகலெல்லாம் வெயில் அடித்துவிட்டுச் சாயங்காலம் இடியோடு கொட்டுமே, அந்த மாதங்களில் இந்த வேலையை எடுக்காதீர்கள்.

சிமெண்டுக்குப் பதில் ரெசின் பசையால் இறுகுகிற எபாக்சி கிரவுட்? குளியலறைக்கும் சமையல் மேடைக்கும் அருமை. வெளியே வெயிலில் மஞ்சளாகும், பவுடர் பூக்கும். பேவர் பிளாக் நுண்துளை நிறைந்த கல், மேலே பட்ட எபாக்சியைத் துடைக்கத் துடைக்க உள்ளேதான் இறங்கும், அந்தக் கறை போகவே போகாது. நம் ஊர் வெயிலில் கலந்த எபாக்சி கையிலேயே இறுகிவிடும். விலையும் பல மடங்கு. அதிக விலை என்பதால் அதிக உழைப்பு என்று நினைத்து வாங்குகிறவர்களுக்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன், படிக்கு வேண்டாம்.

படி வீட்டுச் சுவரைத் தொடுகிற இடம் தனிக் கதை. தி.நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், விருகம்பாக்கம் பக்கமெல்லாம் களிமண். கோடையில் சுருங்கும், மழையில் உப்பும். வீடு தன் அடித்தளத்தில் நிற்கும், படியோ பெரும்பாலும் பிற்பாடு மண்மேல் தனியாகக் கட்டியது, ஆக இரண்டும் சேர்ந்து அசையாது. வெப்பமும் உண்டு: கான்கிரீட் ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் நூறில் ஒரு மில்லிமீட்டர் நீளும், விடிகாலைக்கும் கத்திரி வெயில் மத்தியானத்துக்கும் கல்லில் 30 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால் மூன்று மீட்டர் நீளப் படி 0.9 மி.மீ. நீளும். அந்த மூலையைக் கலவையால் அடைத்தால் விரிசல் விட்டே தீரும், அந்த விரிசல் வழியாகத்தான் தண்ணீர் சுவருக்குள் போய் உள்ளே ஹாலில் பெயிண்ட் உரியும். இங்கே 10 மி.மீ. இடைவெளி விட்டு, உள்ளே ஃபோம் கயிறு திணித்து, மேலே ரப்பர் போல இழுபடுகிற பாலியுரிதேன் சீலன்ட். சீலன்ட்டின் ஆழம் அகலத்தில் பாதி போதும். அடியிலும் ஒட்டிவிட்டால் இழுபடும்போது கிழியும், அதற்குத்தான் அந்தக் கயிறு. புளிப்பு வாடை அடிக்கிற சாதாரண சிலிக்கான் டியூப் கண்ணாடிக்கானது, கான்கிரீட்டில் பிடிக்காது.

நிற்கும் முகத்தில் உள்ள இடுக்குகளுக்கு எந்த மணலும் நிற்காது, பாயிண்டிங் கலவைதான். ஒரே விஷயம், உள்ளே ஜல்லி நிரப்பிய படி என்றால் முகத்தின் அடிவரிசையில் இரண்டு மூன்று நிற்கும் இடுக்கை அடைக்காமல் விடுங்கள். அசிங்கமாக இருக்கிறது என்று மேஸ்திரி அடைக்கப் பார்ப்பார், விடாதீர்கள். பக்கத்துச் செடிப் பாத்தியிலிருந்தோ மேலிருந்தோ உள்ளே போகிற தண்ணீர் அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

வேலை செய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், கான்கிரீட் படியை வைத்துக்கொண்டு. பழையதை மெல்லிய உளியால் 20 மி.மீ. ஆழத்துக்காவது சுரண்டி எடுங்கள். மேலாகத் தடவினால் அது அடுத்த வருடமே பிரியும். தூசியை ஊதி எடுங்கள், பாசி இருந்தால் பிரஷ் போட்டுத் தேயுங்கள், ஆசிட் ஊற்றாதீர்கள், அது சிமெண்டையே தின்னும், கல்லும் சிமெண்ட்தான். முந்தின நாள் இரவு தண்ணீர் விட்டு ஊறவைத்து, காலையில் ஈரம் இருக்கும் ஆனால் தண்ணீர் நிற்காத நிலையில் ஆரம்பியுங்கள், காய்ந்த கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும். இடுக்கின் இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டினால் நேரம் பிடிக்கும், ஆனால் கறை இல்லாமல் முடியும். கலவை, கையில் உருட்டினால் உருண்டையாக நிற்கிற பதம், அதற்கு மேல் தண்ணீர் வேண்டாம். கலக்கக் குடிநீர் வாரியத் தண்ணீரைப் பயன்படுத்துங்கள், கடலோரப் பகுதிகளில் உப்புக் கரிக்கிற போர்த் தண்ணீர் பிற்பாடு வெள்ளையாகப் பூக்கும். ஒல்லியான கரண்டியால் இரண்டு தடவையாக அழுத்தித் திணியுங்கள். கல்லின் சரிவு ஆரம்பிக்கும் இடத்தோடு நிறுத்திவிடுங்கள். சரிவையும் மூடி மட்டமாக்கினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அந்த மெல்லிய ஓரம் செருப்புத் தேய்ப்பிலேயே உதிரும். டேப்பை எடுத்து, பிழிந்த ஸ்பாஞ்சால் ஒற்றித் துடைத்து, ஈரச் சாக்கு போட்டு மூன்று நாள் நனைத்து வாருங்கள். அந்த மூன்று நாளும் வீட்டுக்காரர்கள் பின்வாசல் வழியாகப் போகட்டும், அல்லது பாதிப் பாதியாகச் செய்யுங்கள்.

நேரம், தை முதல் பங்குனி வரை நல்லது. சித்திரை, வைகாசியில் செய்தே ஆக வேண்டுமென்றால் காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிட்டு, மேலே தார்பாய் கட்டுங்கள். மேஸ்திரியிடம் மொத்தப் படியையும் ஒப்படைக்கும் முன், கீழ்ப் படியில் ஒரே ஒரு இடுக்கைச் செய்துகாட்டச் சொல்லி மறுநாள் பாருங்கள், நிறமும் தெரியும், கைப்பக்குவமும் தெரியும். முடிந்து ஒரு வாரம் கழித்து மேல் படியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். முன்பக்கமாக வழிந்து இறங்க வேண்டும். எங்காவது குளமாக நின்றால் இடுக்கில் குற்றம் இல்லை, படியின் வாட்டம் சரியில்லை, ஓரடி அகலப் படி முன்பக்கம் 5 மி.மீ.யாவது சாய்ந்திருக்க வேண்டும். அந்தக் கல்லை எடுத்து மறுபடி பதிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கிரவுட் வாங்கும்போது அதே நிறத்தில் ஒரு கிலோ அதிகமாக வாங்கி, பிரிக்காமல் வையுங்கள். பிரித்த பாக்கெட் நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் ஒரு மழைக்காலத்துக்குள் கட்டியாகிவிடும், சின்னதாக ஓர் ஓரம் பெயர்ந்தால் அந்த நிறம் கடையில் மறுபடி கிடைக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.